கடாரத்துக் கற்கள் பேச வேண்டுமானால்

பழஞ்சின்னங்கள் இருவகைப்படும். பார்த்த அளவில் தம் பெருமையைத் தாமே எடுத்துரைப்பன ஒரு வகை. யாரேனும் எடுத்துரைத்தாலன்றி வாய் திறவாதன மற்றொரு வகை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் முன் நிற்பவனுக்கு வழிகாட்டி வேண்டுவதில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்த கழுத்தின் வலியே அவனுக்குப் பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிலுள்ள சின்னங்களோ இரண்டாம் வகையின. தாழ்ந்த ஒரு கற்படை, அதன்மேல் ஒரு சிறு அறையின் அடிச்சுவர், முன்னே குழியுடைய சில கற்கள் என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன.

பள்ளி விடுமுறை நாட்களில் சுங்கை பட்டாணியிலிருந்தும் பீடோங்கிலிருந்தும் மெர்போக்கை நோக்கித் தமிழ்க் குடும்பங்கள் வருவதுண்டு. 'கடாரம் கொண்டான்' என்னும் பட்டத்தைப் பாடநூலிலோ மேடைப் பேச்சிலோ புதினத்திலோ அறிந்து வருபவர்கள் அவர்கள். புக்கிட் பத்து பாஹாட் என்னும் குன்றின் அடியில் 1980இல் திறக்கப்பட்ட தொல்பொருட் காட்சிச்சாலையைச் சுற்றி வருகின்றனர், மேலேறிச் சண்டியைக் காண்கின்றனர், படம் பிடித்துக்கொள்கின்றனர், ஓடைக்கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கின்றனர். திரும்பும்போது வண்டிக்குள் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவுதானா?"

அக்கேள்வியைக் கேட்பவரைக் குறை கூறுதல் முறையன்று. கற்களும் குற்றமுடையன அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய விளக்கமே போதிய அளவில் இல்லை. பலகைகளில் உள்ள செய்தி மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. அதுவும் பெரும்பாலும் அளவு, எண், காலம் என்ற அளவில் நிற்பது. செய்தி வேறு, விளக்கம் வேறு என்பதை அமெரிக்க நாட்டுத் தேசியப் பூங்காக்களுக்காக 1957இல் நூலெழுதிய பிரீமன் டில்டன் நன்கு வற்புறுத்தினார். காண்பவனுடைய வாழ்க்கையோடு தொடர்புபடாத செய்தி அவன் மனத்தில் தங்காது என்பது அவர் கொள்கை. பழஞ்சின்னங்களுக்கான அனைத்துலக அமைப்பாகிய இக்கோமோசும் 2008இல் வகுத்த சாசனத்தில், விளக்கிக் காட்டுதலைப் பாதுகாத்தலின் ஒரு பகுதியாகவே கொண்டது. எனவே கெடாவுக்கு வருபவரின் பயணத்தைச் சிறப்பிக்க வேண்டும் என்றால் உணவுக்கடையும் ஊஞ்சலும் வண்ண விளக்கும் பெருக வேண்டும் என்பது பொருளன்று. இவை இருந்தால் நன்று, இல்லாவிடினும் இழப்பில்லை. கல்லைப் பேச வைப்பதே முதல் வேலை.

பெயரே முதற் பலகை

தமிழாசிரியர் ஒருவர் மாணவரை அழைத்துச் சென்றால், ஒரு காசும் செலவின்றி அவர் தொடங்கக்கூடிய இடம் ஊர்ப்பெயர். 'புக்கிட்' குன்று, 'பத்து' கல், 'பாஹாட்' உளி. உளி பட்ட கல்லின் குன்று என்று பெயரே சொல்லிவிடுகிறது. கோயிலைக் கட்டியவர் யாரென்று மறந்துபோன பின்னும், இங்கே கல் தச்சர் வேலை செய்தனர் என்பதை மலாய்க் குடியானவர் தம் பெயரில் காத்து வைத்திருந்தனர். 'பெங்காலான்' என்றால் படகு அணையும் துறை. பெங்காலான் பூஜாங் இன்று வயலும் வீடுகளும் சூழ்ந்த சிற்றூர். அங்கே நின்று கப்பல் எங்கே என்று தேடினால் காணமுடியாது. ஆயினும் பெயர் துறை என்றே சொல்கிறது. அத்துறை மண்ணிலிருந்து சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகளும், மணிகளும் வெளிப்பட்டபோது பெயர் பொய்யன்று என்பது தெளிந்தது. 'பூஜாங்' என்பதற்கு இன்றைய மலாயில் மணமாகாதவன் என்று பொருள். ஆற்றின் வளைவு கண்டு, பாம்பைக் குறிக்கும் 'புசங்கம்' என்னும் வடசொல்லே இவ்வாறு திரிந்தது என்பாரும் உளர்.

'சண்டி' என்னும் சொல்லும் அப்படியே. தமிழ்ப் பிள்ளைகள் காதில் அது சண்டி மாட்டை நினைவூட்டிச் சிரிப்பை வரவழைக்கும். சிரிக்கட்டும், பின்னர் இது பழைய கோயிலைக் குறிக்கும் மலாய், சாவகச் சொல் என்றும், கொற்றவையின் பெயராகிய சண்டிகை என்பதோடு அதனை இணைத்துக் காணும் அறிஞர் உண்டென்றும் சொன்னால், சிரித்த பிள்ளைக்கு அச்சொல் மறக்காது.

மலையும் காற்றும்

அடுத்து மாணவர் பார்க்க வேண்டியது கல்லையன்று, மலையை. கடற்கரைச் சமவெளியிலிருந்து 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கிறது குனோங் ஜெராய். வங்கக் கடலைக் கடந்து, நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார்த் தீவுகளைத் தாண்டிக் கிழக்கே வரும் மாலுமிக்கு, கரை தெரியுமுன் தெரிவது இம்மலையே. கலங்கரை விளக்கம் கட்டாத காலத்தில் இயற்கை கட்டிவைத்த விளக்கம் இது. தென்மேற்குக் காற்று கீழ்த்திசைக்குச் செலுத்திய கலங்கள் மீள்வதற்கு வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்கு நல்ல தண்ணீர், சோறு, பாதுகாப்பான ஆற்றுமுகம், பழுது பார்க்க மரம், வழிபட ஓரிடம் ஆகியன வேண்டுமல்லவா? மெர்போக் ஆறும் மூடா ஆறும் இவற்றையெல்லாம் தந்தன. 671இல் கான்டன் துறையிலிருந்து புறப்பட்ட சீனத் துறவி இ-சிங், சீர்விசயத்தில் தங்கி, கெடாவைத் தொட்டே வங்கத்துத் தாம்ரலிப்திக்குச் சென்றார். பட்டினப்பாலை சுட்டும் 'காழகம்' என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர்.

காட்சிச்சாலையின் வாயிலில் பிற எல்லாவற்றிற்கும் முன்னதாக ஒரு பெரிய நிலப்படம் இருத்தல் வேண்டும். அதில் இன்றைய கரை ஒரு வண்ணத்திலும், பண்டு கடல்நீர் எவ்வளவு உள்ளே வந்திருந்தது என்பது மற்றொரு வண்ணத்திலும் தீட்டப்பட வேண்டும். அப்படத்தைக் கண்டவர்க்கு, செம்பனைத் தோட்டத்தின் நடுவே ஏன் படகுத்துறை இருக்கிறது என்ற வியப்பு நீங்கும்.

கூரையில்லாக் கோயில்

இனிச் சண்டிக்கு வருவோம். புக்கிட் பத்து பாஹாட் சண்டியை 1959, 1960 ஆண்டுகளில் அலஸ்டேர் லாம்ப் முதலியோர் அகழ்ந்து மீட்டமைத்தனர். இது தான் தோன்றிய இடத்திலேயே நிற்பது. ஆனால் காட்சிச்சாலை வளாகத்திலுள்ள மற்றச் சண்டிகள், பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் அடுக்கப்பட்டவை. இதனைச் சொல்லாமல் விட்டால், வருபவர் ஒரே குன்றில் கோயில் நெருக்கம் இருந்ததாக எண்ணிச் செல்வர். ஒவ்வொன்றின் முன்னும் அதன் பிறந்த ஊரைக் காட்டும் சிறு படம் ஒன்று இன்றியமையாதது.

இச்சண்டிகளுக்கு விமானம், மண்டபம் என்னும் இரு பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டுக் கோயிலை அறிந்தவர்க்கு இவை புதியன அல்ல. மண்டபத்தில் குழியுடன் காணப்படும் கற்கள் தூண்கள் அல்ல. தூண் தாங்கிய அடிக்கற்கள். அக்குழிகளில் மரத்தூண் நின்றது. அதன்மேல் மரச்சட்டமும் வேய்ந்த கூரையும் இருந்தன. நாளும் மழை பெய்யும் நாட்டில் மரமும் ஓலையும் எத்தனை நூற்றாண்டு தாங்கும்? அவை மண்ணாயின, கல் மட்டும் எஞ்சியது. ஆகவே காண்பவர் காண்பது ஒரு சிறிய கோயிலையன்று. ஒரு கோயிலின் கீழ்ப்பாதியை. "இவ்வளவுதானா?" என்ற கேள்விக்கு நேர்விடை இதுதான்: இவ்வளவன்று, மேற்பாதி மரமாக இருந்தது.

அம்மேற்பாதியைக் கண்ணுக்குக் காட்டுவது எப்படி? இத்தாலியில் சிப்போந்தோ என்னுமிடத்தில் அடித்தளம் மட்டுமே எஞ்சிய ஒரு பழந்தேவாலயத்தின் மேல், 2016இல் கம்பி வலையால் அதன் பழைய உருவத்தை எழுப்பி நிறுத்தினர். வானம் ஊடே தெரியும், கட்டடமும் தெரியும். அத்தகைய பெருஞ்செலவு இங்கு வேண்டியதில்லை. தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றில் தூணையும் கூரையையும் கோட்டுருவாக வரைந்து, சண்டிக்கு எதிரே, நின்று பார்க்க வேண்டிய இடத்தில் நட்டால் போதும். கண்ணாடியின் ஊடே பார்ப்பவனுக்குக் கல்லின்மேல் கூரை ஏறிவிடும்.

பள்ளியில் அதைவிட எளிய வழி உண்டு. புறப்படுவதற்கு முன்னாள் திடலில் சுண்ணாம்புப் பொடியால் சண்டியின் தரைப்படத்தை வரைக. அடிக்கல் இருக்கும் இடந்தோறும் ஒரு பிள்ளையை நிறுத்துக. கைகளை உயர்த்தச் சொல்லி, அவற்றின்மேல் ஒரு பழந்துணியை விரித்தால் மண்டபம் ஆயிற்று. கருவறைக்குள் ஒருவன் மட்டுமே நுழைய இடமிருப்பதை அவர்களே கண்டு சொல்வர். மறுநாள் குன்றின்மேல் கல்லைக் காணும் அப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாம் நின்ற தூணைத் தேடுவர்.

அடியில் வைத்த பேழை

தமிழர்க்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று இச்சண்டியில் உண்டு. அதுவே மிகக் குறைவாக எடுத்துரைக்கப்படுவதும் ஆகும். கட்டடத்தின் அடியில் புதைக்கப்பட்டிருந்த கற்பேழைகள் அகழ்வில் கிடைத்தன. உள்ளே செப்புக் கலமும், மணிக்கற்களும், பொன் வெள்ளிப் பொருள்களும் இருந்தன. கோயில் எழுப்புமுன் நிலத்தில் வித்திடுவதுபோல் இவற்றை வைப்பதை வடநூலார் கர்ப்பந்யாசம் என்பர். காட்சிச்சாலையின் கண்ணாடிப் பெட்டியில் இப்பேழையைப் பார்ப்பவர், 'கல் பெட்டி' என்று படித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கின்றனர்.

ஆனால் கெடாவின் எந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் திருப்பணி நடந்தபோது உடனிருந்தவர்க்கு இது தெரிந்த காட்சி. சிலையை நிறுவுமுன் பீடத்துக் குழியில் யந்திரத் தகட்டையும் மணிகளையும் பொற்காசையும் இடுவதைக் காண ஊரே திரண்டு நிற்கும். பெண்கள் தம் மோதிரத்தைக் கழற்றி இடுவதும் உண்டு. "நம்முடைய பாட்டி அம்மன் கோயில் குழியில் போட்டாளே, அதுபோல" என்று ஒரு சொல் சொன்னால், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பேழை பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடும். டில்டன் சொன்ன தொடர்பு என்பது இதுவே. இத்தகைய விளக்கத்தை ஆங்கிலப் பலகையிலிருந்து மொழிபெயர்த்துப் பெறமுடியாது. தமிழில் தனியே எழுத வேண்டும். எழுதத் தகுந்தவர் தமிழாசிரியரே. அதிட்டானம், கருவறை, தூணடிக்கல் என வழங்கும் சொற்கள் நம் மொழியில் இருக்க, பலகைக்காகப் புதுச்சொல் புனைய வேண்டிய தேவையும் இல்லை.

உலைக்களம்

கோயிலைப் பார்த்தவர் பலர் உலைக்களத்தைப் பாராமலே திரும்புகின்றனர். சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில் இரும்பு உருக்கிய இடங்களும், செங்கல் தளமிட்ட படகுத்துறைகளும், வட்டவடிவச் செங்கல் கட்டுமானம் ஒன்றும் வெளிப்பட்டன. தோட்டத்து மண்ணுக்கடியில் கிடந்தவை இவை.

அங்கே குவியலாகக் கிடக்கும் களிமண் குழாய்கள் என்ன என்று தெரியாதவர்க்கு அவை உடைந்த ஓடு. தெரிந்தவர்க்கு அவை ஒரு தொழிலின் மூச்சுக்குழல். இரும்புக் கல்லையும் மரக்கரியையும் மண் உலையில் மாறிமாறி அடுக்கித் தீயிட்டு, துருத்தியால் காற்றை ஊதுவர். துருத்தியின் வாய் தீயில் வேகாதிருக்க இடையே செருகுவதே இக்களிமண் குழாய். கல்லிலிருந்த அழுக்கு உருகிக் கிட்டமாக வழிந்தோடும். இரும்பு உருகி ஓடாது, கடற்பஞ்சுபோன்ற கட்டியாக அடியில் தங்கும். அதைச் செந்தணலாக இருக்கும்போதே சம்மட்டியால் அடித்துக் கெட்டியாக்குவர். வேலை முடிந்தபின் குழாயின் நுனி கருகி உருகியிருக்கும், பெரும்பாலும் எறிந்துவிடுவர். குழாய் மிகுதியாகக் கிடப்பதே இரும்பு மிகுதியாக விளைந்ததற்குச் சான்று. கொல்லன், துருத்தி, உலை, கிட்டம் என்னும் சொற்களைப் பாடத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகளுக்கு இது வாய்த்த வகுப்பறை.

இங்கே பழங்காலத்துக் கொல்லன் உலை ஒன்றை மாதிரிக்குக் கட்டி, திங்களுக்கு ஒருமுறை மூட்டிக் காட்டினால் அதைவிடச் சிறந்த பலகை இல்லை. தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரில் 2023இல் அகழ்குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்து மக்கள் குனிந்து நோக்க வழி செய்தனர். கெடாவின் ஈரக்காற்றில் கண்ணாடி புழுங்கிப் பார்வையை மறைக்கும். குழியைச் சுற்றி உயர்ந்த மரப்பாலம் இடுவதே இங்கு ஏற்றது.

மெய்யைச் சொல்லும் பலகை

சுங்கை பத்துவின் காலத்தைப் பற்றி ஒரு சொல். முதலில் கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டு எனப்பட்டது. பின்னர்க் கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகள் அறிவிக்கப்பட்டன. ஆய்வாளருள் ஐயம் எழுப்பியோரும் உளர். காலக்கணிப்புப் பெரும்பாலும் கரித்துண்டைக் கொண்டு செய்யப்படுவது. கரி காட்டுவது மரம் வளர்ந்த காலத்தை. உலை எரிந்த காலத்தையன்று. மூத்த மரத்தின் வைரத்தை எரித்தால் உலை உள்ளபடியினும் பழமையாகத் தோன்றும். இதனையும் பலகையில் எழுதலாம். எழுதினால் இடத்தின் பெருமை குறையும் என்று அஞ்சத் தேவையில்லை. அறிஞர் எப்படி ஆராய்கின்றனர் என்பதைக் காண்பதும் காட்சியே.

அதே நேர்மை தமிழர் பக்கமும் வேண்டும். 1025ஐ ஒட்டி இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது, அது மெய். அதற்கு முன்பே, கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது; அதுவும் மெய். வெற்றியைச் சொல்பவர் பலர். நன்கொடையைச் சொல்பவர் சிலர். ஆனால் பூஜாங் பள்ளத்தாக்கில் சோழர் பொறித்த கல்வெட்டு எதுவும் கிடைத்ததில்லை. சண்டிகளையெல்லாம் இராசேந்திரனே கட்டினான் என்று பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லுதல் ஆசிரியர்க்கு அழகன்று. மூடா ஆற்றை அடுத்த சுங்கை மாஸில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டளவிலான கல்லெழுத்து பௌத்தத்தைச் சார்ந்தது. 1834இல் ஜேம்ஸ் லோ வெல்லெஸ்லி மாகாணத்தில் கண்டெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பிய கல்லில் நடுவே தூபியும், ஓரத்தில் புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயரும் உள்ளன; அவன் ஊராகிய 'செம்மண்' நாடு வங்கத்தில் இருந்ததென்பர்; எழுத்தோ தென்னாட்டுப் பல்லவ எழுத்தின் சாயல். வங்கத்து மாலுமி, தென்னாட்டு எழுத்து, மலாய்க் கரை! இந்தக் கலப்பே கடாரத்தின் இயல்பு. மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பலகையின் முன் நின்று தத்தம் முன்னோரைக் காண இதைவிட ஏற்ற இடம் இந்நாட்டில் அரிது.

கற்களின்மேல் ஏறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்துக்காகக் கருவறைச் சுவரில் பிள்ளையை உட்கார வைப்போர் பலர். சாவகத்துப் போரோபுதூரில் 2023இல் மேலே ஏறுவோரை நாளொன்றுக்கு 1,200 பேர் எனக் கட்டுப்படுத்தி, கல் தேயாதபடி தாழம்பாயால் முடைந்த செருப்பையும் அணிவித்தனர். மெர்போக்கில் அவ்வளவு கூட்டமில்லை. ஆசிரியரின் ஒரு பார்வை போதும்.

பதினோராம் எண்

1930களில் குவாரிச் வேல்ஸ் என்பாரும் அவர் மனைவியும் இவ்வட்டாரத்தில் நடந்து, பால்மரத் தோட்டங்களிலும் ஆற்றோரங்களிலும் கண்ட இடிபாடுகளுக்கு வரிசை எண் இட்டனர். 1940இல் அறிக்கை வெளியாயிற்று. இன்றும் சண்டிகள் அவ்வெண்களாலேயே வழங்கப்படுகின்றன. அவற்றுள் 11ஆம் எண் சண்டி சுங்கை பத்துத் தோட்டப் பகுதியில் இருந்தது. நிலம் தனியாருடையது, பாதுகாக்கப்பட்ட இடம் என்று அரசிதழில் அறிவிக்கப்படாதது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது மண்வாரி எந்திரம் அதனை இடித்துத் தள்ளியது. செய்தி 2013 திசம்பரில் வெளியாயிற்று. நாளேடுகளில் கண்டனம் எழுந்தது. சட்டமன்றத்திலும் பேச்சு எழுந்தது. அதற்குமுன் அச்சண்டியின் பெயரைக் கேட்டிருந்தோர், அருகே வாழ்ந்தவருள்ளும் சிலரே. எந்திரத்தை ஓட்டியவனுக்கு அது செங்கற்குவியல். அவன் சிறுவனாயிருந்தபோது அவ்வழியே சென்ற பள்ளிப்பேருந்து ஒருநாள் அங்கு நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

காட்சிச்சாலை வாயிலில் வைக்கப்படும் நிலப்படத்தில் அவ்வெண்ணை விட்டுவிடலாகாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு வெற்று வட்டம் இட்டு, அதன் எதிரே மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் இவ்வளவு எழுதலாம்: "சண்டி 11. அறிக்கையில் அச்சானது 1940. இடிக்கப்பட்டது 2013."